அருள் ஏறிய குழாய்

ஆடி பிறந்ததிலிருந்து புதுக்கொட்டாய்க்கு மவுசு வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் தொண்டை கிழியக் கூவினார்கள். "அருள் குழா! அருள் குழா! ஒரே ஆளு, ஒரே ஆளு, ஏறு!" அந்த ஒரே ஆளு ஏறிய பிறகு இன்னும் நாலு பேர் ஏறுவார்கள். அது ஆட்டோக்காரர் செய்கிற அற்புதம். அதற்குச் சித்தர் யாரும் தேவையில்லை.

அருள் குழாய் என்றால் வேறொன்றும் இல்லை, தண்ணீர்க் குழாய்தான். தெய்வசிகாமணி வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரும்பு பைப்பில் மாட்டியது. தெய்வசிகாமணி கரும்பும் மரவள்ளியும் போடுகிற வசதியான ஆள். அவர் வீட்டுக் குழாயில் வெறுங்கையை வைத்தால் விரல் நுனியிலிருந்து சிலுசிலுவென்று ஏதோ ஏறும். ரோமம் குத்திட்டு நிற்கும். பல் லேசாகக் கிட்டும். "ஏறிடுச்சு! ஏறிடுச்சு!" என்று கத்திக்கொண்டே பக்தர் கையை உதறுவார். உதறுவதுதான் அருள் உள்ளே இறங்கியதற்கு அடையாளம் என்று சொல்லியிருந்தார் மின்னொளிச் சித்தர்.

வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு விதி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். புனிதமான இடம் அல்லவா? வாசலில் செருப்பு மலைபோலக் குவிந்திருந்தது. போகும்போது தன் செருப்பைத் தேடி எடுத்தவன் உண்மையிலேயே பாக்கியசாலி. சித்தர் மட்டும் செருப்போடு இருப்பார். கட்டைப் பாதுகை, அடியில் லாரி டயரை வெட்டி ஒட்டியது. அந்தப் பாதுகையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தபடி நிற்பார். "சாமிக்கு மட்டும் ஒண்ணும் ஆவலியே?" என்று யாராவது கேட்டால், "நமக்குள்ள ஏற்கெனவே ரொம்பி வழியுது. புதுசா ஏற எடமில்ல" என்பார். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இன்னொரு புதுமையும் நடந்தது. மற்ற நாளில் கூலி கொடுக்கக்கூட வாசலுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசுகிற தெய்வசிகாமணி, இப்போது களை பறிக்கிற ராஜாம்பாளைப் பின்கட்டு வரைக்கும் விட்டார். தட்சணைக்குத் தீட்டில்லை பாருங்கள். ஆனாலும் வரிசை இரண்டு போட்டிருந்தார். ஒரு வரிசைக்குச் சாமியானா உண்டு, இன்னொன்றுக்கு வெயில். கரண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு வரிசைக்கும் ஒரே மாதிரிதான் அடித்தது.

வீட்டு நாய் மட்டும் அந்தக் குழாய்ப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டது. ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடியதுதான், அதற்குப் பிறகு வைக்கோல் போருக்கு அந்தப் பக்கமே படுத்துக்கொண்டது. புதுக்கொட்டாயில் அந்த மாதம் பகுத்தறிவோடு நடந்துகொண்ட ஜீவன் அது ஒன்றுதான்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். தெய்வசிகாமணியின் மகள் கண்ணகி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மகளுக்கு வெந்நீர் தயாராக இருக்கட்டும் என்று ஹீட்டர் வாங்கினார். எலக்ட்ரீஷியன் தீனதயாளன் வந்து கூடத்துச் சுவரில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே டிரிப்பர் ஒன்று. கரண்டு எங்காவது கசிந்தால் ஆளைக் காப்பாற்ற அது தானே விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதற்குப் பக்கத்தில் வரிசையாக ஆறு பிரேக்கர், ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று. கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தது.

"ஹீட்டரு கரண்ட ஜாஸ்தி குடிக்கும்ணே. லைட்டு லைன்ல மாட்டக் கூடாது. தனியா மொத்த ஒயரு இழுத்து, எர்த்து குடுத்து, இந்தக் காலி எடத்துல புதுசா ஒரு பிரேக்கரு போட்ரலாம்" என்றார் தீனதயாளன்.

தெய்வசிகாமணி விரல் விட்டு எண்ணினார். முகம் கறுத்தது. "ஏற்கெனவே ஆறு கீது. இன்னொண்ணு போட்டா ஏழு ஆவும். ஏழ வெச்சா பின்னாலியே ஏழர வந்து உக்காரும். மாசமா கீற பொண்ண வூட்ல வெச்சிகினு சனியனுக்கு சுவிட்சு போடச் சொல்றியா?"

தீனதயாளன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சனி பகவான் பிரேக்கர் எண்ணுகிற வேலையெல்லாம் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். அதோடு வெளியே அனுப்பப்பட்டார். வேறொரு ஆள் வந்து ஹீட்டரை லைட் லைனிலேயே முறுக்கிக் கட்டினான். எர்த் ஒயரை இரண்டாக மடித்து ஹீட்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு, டீக் குடித்துவிட்டுப் போனான். வெந்நீர் பைப்பைப் பின்கட்டுக் குழாய் வரை இழுத்துக் கொடுத்தது அவன் செய்த உபகாரம்.

ஹீட்டரைப் போட்டால் டிரிப்பர் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது. ஹீட்டருக்குள் கசிவு, ஆபத்து, தொடாதே என்று அந்தப் பிளாஸ்டிக் சாமான் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கதறிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் அதைப் பேய் என்றார்கள். டிரிப்பரைப் போய்த் தட்டிவிடுகிற பேய்! ஊர் உலகத்தில் அதற்கு வேறு வேலையே இல்லையாம்.

பேய் ஓட்ட வந்தவர்தான் மின்னொளிச் சித்தர். வெள்ளிமலைக் குகையில் பல ஆண்டு தவம் இருந்து இடியோடு பேசியவர் என்று ஃப்ளெக்ஸில் போட்டிருந்தது. வெள்ளிமலை ஜீப்காரரை விசாரித்தால், "குகையா? எங்க ஊர்ல சிக்னலு கெடைக்கற பாற ஒண்ணு கீது, அதான் தெரியும்" என்பார். சித்தர் கூடத்தில் இருந்த எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மணிச் சத்தம் கேட்டது, சாம்பிராணி மணத்தது, ஸ்குரூ திருகுகிற சத்தமும் லேசாகக் கேட்டது. கதவைத் திறந்தபோது மெயின் பெட்டிக்குள் மஞ்சள் நூல் சுற்றிய இரண்டு காப்புகள் இருந்தன. ஒன்று சிவன், ஒன்று சக்தியாம். அன்றிலிருந்து டிரிப்பர் விழவே இல்லை. பேய் போய்விட்டது!

அதோடு டிரிப்பரில் இருந்த சின்னப் பட்டனைக் காட்டிச் சித்தர் எச்சரித்தார். பட்டன் மேல் இங்கிலீஷில் 'டி' என்று ஒரு எழுத்து. "டி-ன்னா இன்னா? திருஷ்டி! அத எவனாவது அமுக்குனா குடும்பம் தாங்காது." வாங்கிய நாள் முதல் டெஸ்ட் பட்டனை ஒரு தடவைகூட அமுக்காத ஊர் அது. அமுக்காதே என்றவுடன் ரொம்ப நிம்மதியாகிவிட்டது.

காவலுக்கு இருந்த டிரிப்பரை விட்டுவிட்டு ஒயரைச் சித்தர் நேராக முறுக்கிவிட்டதால், கசிந்த கரண்டு தடையில்லாமல் பைப்பில் இறங்கியது. மறுநாள் குழாயைத் தொட்டவர்களுக்குச் சுருக்கென்றது. "அருள் எறங்கிடுச்சு" என்றார் சித்தர். பேய் ஓட்ட வந்தவர் கோயில் கட்டிக்கொண்டார்.

மூத்த மருமகள் ஜெயசுதா இந்தச் சமயத்தில் ஊரில் இல்லை. கால் முறிந்து கிடந்த அப்பாவுக்குத் துணையாகக் கள்ளக்குறிச்சியில் இருந்தாள். அவள் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். தவழுகிற வயதிலேயே செப்புக் கம்பியோடு விளையாடியவள் அவள். ஆடி வெள்ளிக்கிழமை காலையில் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தவள், ஒன்றில் நின்றாள். பக்திப் பாட்டு, குழாய், கையை உதறுகிற ஜனங்கள். பின்னால் கொடியில் காய்ந்த நைட்டி அவளுடையது. அதை வைத்துத்தான் சொந்த வீட்டையே அடையாளம் கண்டாள். வீடியோவுக்கடியில், இன்று கர்ப்பிணிக்கு அருள் அபிஷேகம், அனைவரும் வருக என்று எழுதியிருந்தது.

ஷேர் ஆட்டோவில் அவள் வந்து இறங்கியபோது கண்ணகி குழாயடியில் மஞ்சள் புடவையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். தரையில் ஏற்கெனவே தண்ணீர் தெளித்திருந்தார்கள். குடங்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. கண்ணகி ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்ள, தலையில் குடம் குடமாக ஊற்றுவதாக ஏற்பாடு.

ஜெயசுதா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் நாத்தனார் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி கண்ணகி. மொதல்ல எந்திரி. கொழாவத் தொடாத."

"அண்ணி, இன்னா ஆச்சு? நேத்து தொட்டப்ப முழங்கை வரிக்கும் ஏறிச்சு. புள்ள உள்ள துள்ளிச்சு. நல்ல சகுனம்னு சாமி சொன்னாரே."

"போன வாரம் எது வரிக்கும் ஏறிச்சு?"

"விரலு வரிக்கும்தான்."

"அருளு வளர்பிறைல கீது" என்று விளக்கம் சொன்னார் சித்தர்.

"கசிவு ஜாஸ்தி ஆயிகினே கீதுன்னு அர்த்தம்" என்றாள் ஜெயசுதா. "மாமா, இது அருளு இல்ல, கரண்டு. காஞ்ச தரைல நின்னு தொட்டதால இத்தினி நாளு சுருக்குனு போச்சு. ஈரத் தரைல உக்கார வெச்சு தலைல தண்ணி ஊத்துனா அவ பொழைக்க மாட்டா. உள்ள இருக்கறதும் பொழைக்காது."

"வந்ததும் வராததுமா வாயில இன்னா வார்த்த வருது பாரு!" என்று தெய்வசிகாமணி நடுங்கினார். அவருக்கு மகள் மேல் உயிர். அந்த உயிரைத்தான் குழாயடியில் உட்கார வைத்திருந்தார்.

சித்தர் புன்னகைத்தார். "பொண்ணுக்கு விஞ்ஞானம் ஜாஸ்தி. ஞானம் கம்மி." கூட்டம் கை தட்டியது.

ஜெயசுதா கைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்தாள். உள்ளே சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. "பாருங்க எல்லாரும். கொழாவுல கரண்டு கீது."

"ஜோதி!" என்று கத்தினார் ஒருவர். "கொழாவுல ஜோதி தெரியுது!" நாலு பேர் டெஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். டெஸ்டருக்கு ஒருத்தி குங்குமம் வைக்க வந்தாள்.

சரி, இது வேலைக்காகாது என்று ஜெயசுதா கூடத்துக்கு நடந்தாள். பாதிக் கூட்டம் பின்னாலேயே வந்தது. மாலை போட்டிருந்த மெயின் பெட்டியைத் திறந்து 'டி' பட்டனை அழுத்தினாள். "ஐயோ, திருஷ்டி!" என்று வீடே அலறியது. ஒன்றும் நடக்கவில்லை.

"இத அமுக்குனா டிரிப்பரு வுழணும். வுழல. அப்ப இது வேல செய்யல" என்றாள். பிறகு டிரிப்பரின் பிடியைக் கையாலேயே கீழே தள்ளினாள். "இப்ப மெயினே ஆஃப். மேல பாருங்க."

எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆஃப் பண்ணியும் ஃபேன் சுத்துதுன்னா இன்னா அர்த்தம்? டிரிப்பர வுட்டுட்டு ஒயர நேரா முறுக்கி வெச்சிகிறான். இதோ, மஞ்சா நூலுக்குள்ள."

சிலர் மஞ்சள் நூலை எட்டிப் பார்த்தார்கள். ஜெயசுதாவுக்கு நம்பிக்கை வந்தது. அப்போது பின்னாலிருந்து சித்தரின் குரல் வந்தது. "சுவிட்சு இல்லாமலே சக்தி ஓடுது பாருங்கடா!"

அவ்வளவுதான். ஜனங்கள் கூரை அதிரக் குலவை போட்டார்கள். சுவிட்ச் இல்லாமல் ஓடுகிற ஃபேனுக்குத் தெய்வசிகாமணி கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் பின்கட்டுக்கு ஓடினார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, அபிஷேகத்தை ஆரம்பிக்க வேண்டும்.

கூடத்தில் ஜெயசுதா மட்டும் நின்றாள். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெய்யை எடுத்துக் காட்டினால் அதையும் பொய்க்கு மாலையாகப் போடுகிறவர்களிடம் என்ன பேசுவது? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கே கரண்டை இணைக்கிற பீஸ் கட்டையை மீட்டர் பலகையிலிருந்து உருவினாள். ஃபேன் மெதுவாக நின்றது. அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பீஸ் கட்டையை இடுப்பில் சொருகி முந்தானையால் மூடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள்.

கண்ணகியை மறுபடி மணையில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மாட்டேன் என்று அண்ணி வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி சொன்னது அவளுக்குள் வேலை செய்திருந்தது.

ஜெயசுதா இரண்டு கையையும் குவித்தாள். "மாமா, தப்பா பேசிட்டன். ஃபேன் சுத்துனத என் கண்ணாலயே பாத்துட்டன். சாமிய மன்னிக்கச் சொல்லுங்க."

சித்தர் ஆசீர்வதித்தார். கூட்டத்துக்குப் புல்லரித்தது. கண்ணகிக்கு முகம் வெளுத்தது.

"ஒரே ஒரு கொற மாமா" என்றாள் ஜெயசுதா. "இவ்ளோ பெரிய மகான் நம்ம வூட்டுக்கு வந்துகிறாரு. இன்னும் ஒரு பாதபூஜ பண்ணல. குருவுக்குப் பண்ணாம கண்ணகிக்கு ஊத்துனா பலிக்குமா? மொதல்ல சாமி இந்த மணைல உக்காரட்டும். பாதுகையக் கழட்டி, கால கழுவி, அந்தக் கொழாவப் புடிச்சிகினு அவுரே மொத அபிஷேகத்த ஏத்துக்கட்டும்."

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம். இது தனக்குத் தோன்றாமல் போனதே என்று தெய்வசிகாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

சித்தரின் புன்னகை கொஞ்சம் கோணியது. "பாதபூஜ எல்லாம் வேணாம். நமக்குப் பூமி சம்பந்தம் ஆவாது."

"அப்பிடிச் சொல்லக் கூடாது சாமி" என்று தெய்வசிகாமணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து ஒரு பாதுகையைப் பிடித்துக்கொண்டார். ராஜாம்பாள் இன்னொன்றைப் பிடித்தாள். அவளுக்கு அது பெரிய பாக்கியம். நாலு இளவட்டங்கள் சித்தரை அலாக்காகத் தூக்கினார்கள். பாதுகைகள் கையோடு வந்துவிட்டன. ஈர மணையில் அவரை உட்கார வைத்தார்கள். யாரோ காலில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். பக்தி முற்றிவிட்டால் பிடி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் சித்தருக்குத் தெரிந்தது.

"வுடுங்கடா! வேணாண்டா!"

"சாமி பணிவ பாருங்கய்யா!" என்று உருகினார் ஒருவர். இரண்டு பேர் சித்தரின் கையை இழுத்துக் குழாயின் பக்கம் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு ஜாண்தான். சித்தரின் கண் பிதுங்கியது. இடியோடு பேசியவர் வாயிலிருந்து அப்போது இடி மாதிரியே வந்தது.

"யோவ், கரண்டுய்யா! செத்துருவன்யா! பீஸப் புடுங்குங்கடா! மொதல்ல பீஸப் புடுங்குங்கடா!"

இளவட்டங்கள் கையை விட்டார்கள். சித்தர் மணையிலிருந்து உருண்டு துவைக்கிற கல்லின் மேல் ஏறிக் குத்தவைத்துக்கொண்டார்.

ஜெயசுதா செருப்பைக் கழற்றினாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து போய்க் குழாயை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஐயோ அண்ணி!" என்று கண்ணகி அலறினாள். ஜெயசுதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பிலிருந்து பீஸ் கட்டையை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"புடுங்கி ரொம்ப நேரம் ஆவுது சாமி. உன் அருளு என் இடுப்புலதான் கீது."

ராஜாம்பாள் கையில் இன்னும் அந்தப் பாதுகை இருந்தது. அவள் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டாள், தட்டினாள், அழுத்திப் பிடித்தாள். ஒரு சுருக்கும் இல்லை. பாதுகையைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த டயரைப் பார்த்தாள். பிறகு கல்லின் மேல் இருந்தவரைப் பார்த்தாள்.

"எங்கள எல்லாம் செருப்பக் கழட்டச் சொல்லிட்டு நீ டயரு மேல நின்னியா? நான் தெனமும் வந்து தொட்டனே. எம் மருமவளக் கூட்டியாந்து தொட வெச்சனே. அது செத்திருந்தா?"

சித்தரின் நிஜப் பெயர் கலையரசன். ஊர் ஊராகப் போய் ஒயரிங் வேலை பார்த்தவர். எங்கும் நிலைக்கவில்லை. கரண்டு எங்கே கசிகிறது என்று அங்கே இருந்தவர்களில் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. தெரிந்துகொண்டே ஒரு நிறைமாதக்காரியை ஈரத்தில் உட்கார வைத்தார். தெரியாமல் செய்கிற முட்டாளைவிட இது எவ்வளவு கேடு என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. போலீஸ் வந்து அழைத்துப் போனபோது ஜீப் வரைக்கும் வெறுங்காலோடுதான் போனார். பாதுகையை ராஜாம்பாள் கொடுக்கவில்லை.

தீனதயாளனைக் கூப்பிட்டார்கள். அவர் மஞ்சள் நூலை அறுத்து, ஒயரைப் பழையபடி டிரிப்பரில் மாட்டினார். ஹீட்டரைக் கழற்றி ஓரம் கட்டினார். வேறு ஹீட்டர், தனி லைன், எர்த், காலியாக இருந்த இடத்தில் புது பிரேக்கர். தெய்வசிகாமணி பக்கத்திலேயே நின்றார். நடுவில் ஒரு தடவை, "ஏழு ஒரு மாதிரி கீதுப்பா. வேணும்னா இன்னொண்ணு சேத்து எட்டாப் போட்ரேன்" என்று இழுத்தார். தீனதயாளன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "போட்ரு, போட்ரு, ஏழே போட்ரு" என்று அவசரமாகச் சொன்னார் தெய்வசிகாமணி. எல்லாம் முடிந்ததும் 'டி' பட்டனை அழுத்தினார்கள். டக்கென்று டிரிப்பர் விழுந்தது. மகள் பிழைத்தாள் என்பது அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு உறைத்தது. கூடத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்ணகி வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் கூட்டம் கலையவில்லை. அவ்வளவு தூரம் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவதா? பின்கட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. "கரண்டே அந்தப் பொண்ண தொடல பாத்தியா?" "இடுப்புல அடக்கி வெச்சிகினு இருந்துச்சாமே!" முன்வரிசைக்காரர் ஒருவர் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். "தாயே, மின்சார மாரியம்மா!" என்று ஜெயசுதாவின் காலில் விழுந்தார். அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். இந்தத் தடவையும் இரண்டு வரிசை.

ஜெயசுதா கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"எந்திரிங்கய்யா. இத்தினி நாளு ஒருத்தராவது 'ஏன்'னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது. கேள்வி கேக்கறதுக்கு வரிசைல நிக்க வேணாம், தட்சண வெக்க வேணாம், செருப்பயும் கழட்ட வேணாம். அவங்கவங்க வூட்ல உக்காந்துகினே கேக்கலாம், போங்க."